ஊசியா, ஜெல்லா?: மூன்று புத்தகங்களும் தமிழில் இன்னும் வராத ஒன்றும்

“ஊசியே போட்டுக்கிட்டு இருக்கப் போறீங்களா, இல்ல ஜெல்லுக்கு மாறிப் பாக்குறீங்களா?” டாக்டர் கேட்டார். “ரெண்டுலயும் பலன் ஒண்ணுதான். உங்களுக்கு எது தோதுன்னு யோசிச்சிட்டு வாங்க.”

யோசிக்க எனக்கு இரண்டு வழிதான் தெரியும். ஒன்று எக்செல் அட்டவணை. பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் ஆறு வருடமாக அதுதான் என் பிழைப்பு. இன்னொன்று புத்தகம். அட்டவணை ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது. புத்தகங்கள் எட்டு மாதம் இழுத்தன.

நான் ஒரு திருநம்பி. பெண் என்று பதிவாகி, ஆணாக வாழ்கிறவன். இரண்டு வருடமாக டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்கிறேன். இதை என் சொந்தப் பெயரில் எழுதவில்லை. காரணம் கட்டுரை முடிவதற்குள் தெரிந்துவிடும். இது மருத்துவ ஆலோசனையும் இல்லை. இந்த மருந்தைச் சுற்றி எழுதப்பட்ட மூன்று பேருடைய புத்தகங்களை வாசித்தவனின் கணக்கு, அவ்வளவுதான். வாசிக்க வாசிக்க ஒரு விஷயம் பிடிபட்டது: மருந்து எந்த வழியாக உடம்புக்குள் போகிறதோ, அந்த வழி எழுத்தின் நடையிலும் தெரிகிறது. மாத்திரைக்கு ஒரு நடை, ஊசிக்கு ஒரு நடை, ஜெல்லுக்கு ஒரு நடை. கூடவே இன்னொன்றும் பிடிபட்டது. எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்லும் நடை இந்த மூன்றிலும் இல்லை. தமிழிலும் இல்லை.

*

முதலில் அட்டவணை.

டெஸ்டோஸ்டிரோன் 1935ல் ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டது. செய்த பூட்டநாண்டும் ருசிஷ்காவும் 1939க்கான வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் அதை அப்படியே விழுங்கினால் பிரயோஜனம் இல்லை. குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் பெரும்பகுதியை உடைத்துப் போட்டுவிடும். ஆகவே அதற்குப் பிறகு வந்த கண்டுபிடிப்புகள் எல்லாம் ஒரே கேள்விக்கான பதில்கள்: கல்லீரலைத் தாண்டி எப்படிப் போவது?

மாத்திரைக்காரர்கள் மூலக்கூறையே கொஞ்சம் மாற்றினார்கள். கல்லீரல் அதை உடைக்கவில்லை, ஆனால் கல்லீரல் கெட்டது. பின்னால் எண்ணெயில் கரைத்த மாத்திரை வந்தது. கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்கினால் நிணநீர் வழியாகப் போய்ச் சேரும். ஊசிக்காரர்கள் மருந்தை எண்ணெயில் கரைத்துத் தசைக்குள் ஒரு சின்னக் கிடங்கு மாதிரி இறக்கிவைத்தார்கள். சஸ்டனான் என்கிற ஊசியில் 250 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அது வேகமாகக் கரைவது, மெதுவாகக் கரைவது என்று நாலு வகைச் சேர்மமாக, கடலை எண்ணெயில். இரண்டிலிருந்து நாலு வாரத்துக்கு ஒன்று போடுவார்கள். நெபிடோ 1000 மில்லிகிராம், விளக்கெண்ணெயில். பத்திலிருந்து பதினாலு வாரத்துக்கு ஒன்று. ஜெல்லோ தினமும் தோளிலும் கையிலும் வயிற்றிலும் தேய்த்துக்கொள்வது. சாராயம் ஆவியாகும், மருந்து தோலில் தங்கி மெதுவாக உள்ளே இறங்கும். பூசியதில் பத்தில் ஒரு பங்குதான் ரத்தத்துக்குப் போகிறது.

வரைபடம் போட்டால் இன்னும் தெளிவு. குறுகிய கால ஊசி ரம்பப் பல் மாதிரி: போட்ட சில நாளில் உச்சம், அடுத்த ஊசி நெருங்க நெருங்கப் பள்ளம். ஜெல் ஏறக்குறைய நேர்கோடு. ரத்தம் தடிப்பது ஊசியில் கூடுதலாக நடக்கும் என்பதால், எந்த வழியானாலும், முதல் வருடத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. 2014ல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வு 45 திருநம்பிகளைக் குறுகிய கால ஊசி, நீண்ட கால ஊசி, ஜெல் என்று மூன்று குழுவாகப் பிரித்து ஒரு வருடம் கவனித்தது. முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. குரல் மூன்றிலும் உடைகிறது. உடைந்த குரல் திரும்புவதும் இல்லை.

டாக்டர் சொன்னது சரி. பலன் ஒன்றுதான். பிறகு ஏன் எனக்கு முடிவெடுக்க முடியவில்லை? அட்டவணையில் சில கேள்விகளுக்குக் கட்டமே இல்லை. மருந்து யாருடைய கையால் வருகிறது? யார் பார்க்கிறார்கள்? எடுத்த பிறகு யார் உன்னைத் தொடலாம்? அந்தக் கட்டங்களை நிரப்பத்தான் புத்தகத்துக்குப் போனேன்.

*

மாத்திரை. மைக்கேல் டிலன், 1915ல் பிறந்த ஆங்கிலேயர். உடலை மாற்றிக்கொள்வதற்காக டெஸ்டோஸ்டிரோன் எடுத்தவர்களில் பெயர் தெரிந்த முதல் மனிதர் என்று இவரைச் சொல்கிறார்கள். 1939ல் ஜார்ஜ் ஃபாஸ் என்கிற மருத்துவரிடமிருந்து மாத்திரைகள் கிடைத்தன. அதற்கு முன் ஃபாஸ் இவரை ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பியிருந்தார். அந்த மனிதர் விஷயத்தை வெளியே சொல்லிவிட, டிலன் பார்த்த வேலையை விட்டுவிட்டு பிரிஸ்டலில் ஒரு கராஜில் போய்ச் சேர்ந்தார். பேகன் கென்னடி 2007ல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இதெல்லாம் விரிவாக இருக்கிறது.

டிலன் 1946ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ‘தான்’ என்று தலைப்பைத் தமிழாக்கலாம்; ஒழுக்கவியலும் சுரப்பியியலும் பற்றிய ஆய்வு என்பது துணைத் தலைப்பு. தன்னைப் போன்றவர்களைப் பற்றி, மனதை உடலுக்கேற்ப மாற்ற முடியாதபோது உடலை மனதுக்கேற்ப மாற்றலாமே என்று வாதாடுகிற புத்தகம். புத்தகத்தின் பெயர் ‘தான்’, ஆனால் ‘நான்’ என்கிற மனிதர் அதில் எங்கேயும் இல்லை. முழுக்கப் படர்க்கை. ஒரு நிபுணர் தூரத்தில் நின்று வேறு யாரையோ பற்றிப் பேசும் குரல். எழுதுகிறவர் காலையில் அதே மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் மேசைக்கு வந்திருக்கிறார் என்று வாசகருக்குத் தெரியாது.

மாத்திரையின் நடை இது. தழும்பு இல்லை, வாசனை இல்லை, சாட்சி இல்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எந்த ஊருக்கும் போகலாம். டிலனும் போனார். 1944ல் பிறப்புப் பதிவைத் திருத்திக்கொண்டார், டப்ளினில் மருத்துவம் படித்து கப்பல் டாக்டர் ஆனார். 1958ல் இரண்டு பிரபுக்கள் வம்சாவளி நூல்களில் அவர் பெயர் இரண்டு விதமாக இருப்பதைப் பத்திரிகைகள் கண்டுபிடித்தன. அந்தச் செய்திக்குப் பிறகு இந்தியாவுக்கு வந்துவிட்டார். பௌத்தத் துறவி ஆனார். கடைசி வருடங்களில் ஒருவழியாகத் தன் கதையைத் ‘நான்’ என்று எழுதி முடித்து அனுப்பினார். அதே மாதம், 1962 மே, டல்ஹௌசியில் இறந்துபோனார். அச்சில் வந்தது 2017ல்.

படர்க்கைப் புத்தகத்துக்கும் தன்மைப் புத்தகத்துக்கும் நடுவே 16 வருடம். எழுதிய கைக்கும் வாசிக்கும் கண்ணுக்கும் நடுவே 55 வருடம். டிலனை வாசிக்கும்போது எனக்கு மரியாதை வருகிறது, கூடவே மூச்சு முட்டுகிறது. மறைந்து வாழ்வதன் திறமை அவரிடம் பூரணமாக இருந்தது. அந்தத் திறமையே அவருடைய எழுத்தையும் சாப்பிட்டுவிட்டது என்று நினைக்கிறேன். புனைபெயரில் எழுதுகிற நான் இதைச் சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கத்தான் செய்கிறது.

*

ஊசி. லூ சல்லிவன், அமெரிக்கர், 1951ல் பிறந்தவர். பத்து வயதில் தொடங்கி 1991ல் எய்ட்ஸால் 39 வயதில் சாகும்வரை நாட்குறிப்பு எழுதினார். அதிலிருந்து தேர்ந்தெடுத்தவை 2019ல் புத்தகமாக வந்தன. ‘நாங்கள் இருவரும் இன்பத்தில் சிரித்தோம்’ என்பது தலைப்பு. 1979ல் டெஸ்டோஸ்டிரோன் ஆரம்பித்தார். ஆண்களை விரும்பும் ஆணாக இருந்தார் என்பதாலேயே சிகிச்சைக்கூடங்கள் அவரைத் திருப்பி அனுப்பின. ஆணாக மாறுகிறவர் பெண்ணைத்தானே விரும்ப வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அவர் விடவில்லை. மற்றவர்களுக்குத் தகவல் கையேடு எழுதினார், 1986ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் திருநம்பிகள் கூடும் அமைப்பை உண்டாக்கினார்.

ஊசிக்குத் தேதி உண்டு. நாட்குறிப்புக்கும் தேதி உண்டு. இந்தப் பொருத்தம் எனக்கு முதலில் வெறும் தற்செயலாகத்தான் பட்டது. இரண்டு வருடம் ஊசி போட்டவனாக மறுபடி வாசித்தபோது அப்படித் தோன்றவில்லை. ஊசிக்காரனின் காலம் சுற்றிச் சுற்றி வருவது: போட்ட வாரம், நடு வாரம், தேய்ந்துபோகும் வாரம். மூன்றாவது வாரம் சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும், ஓ.டி செய்ய உடம்பு வணங்காது. காலண்டரைப் பார்த்தால்தான் புரியும், ஓ, நாள் நெருங்கிடுச்சு. சல்லிவனின் எழுத்தில் ஏற்றமும் இறக்கமும் இருக்கிறது. ஒரு பக்கம் கொண்டாட்டம், மறுபக்கம் வெறுமை. தொகுப்பாளர்கள் அதைச் சமன்படுத்தாமல் விட்டது பெரிய விஷயம். சோகத்தை மட்டும் பொறுக்கி எடுத்திருந்தால் இன்னொரு பரிதாபக் கதை கிடைத்திருக்கும். நமக்குக் கிடைத்திருப்பது ஆசையும் சிரிப்பும் நிறைந்த ஒரு வாழ்க்கை. அதில் நோயும் வருகிறது.

ஊசியின் இன்னொரு குணம், அதற்கு பெரும்பாலும் இன்னொரு கை வேண்டும். சிலர் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் அலகு குத்தி ஏறுகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன்தான். அவர்களும் தாங்களாகக் குத்திக்கொள்வதில்லை, பக்கத்தில் ஒருவர் நிற்கிறார். எனக்கு கிளினிக்கில் ஒரு நர்ஸ் அக்கா. முதல் நாள் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். மலேசிய ஐ.சி. எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். என்னுடையது இரட்டைப்படை. அதைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஊசியை எடுத்தார். “எந்தப் பக்கம் போடட்டும் தம்பி?”

வேறொரு இடத்தில், வேறொரு கவுண்டரில், அதே எண்ணைப் பார்த்துவிட்டு என் முழுப் பெயரையும் ஹால் முழுக்கக் கேட்கும்படி மூன்று தடவை கூப்பிட்டார்கள். அதுவும் இன்னொரு கைதான். சல்லிவனுக்கு எல்லாக் கதவும் ஒரு கையால் மூடப்பட்டு இன்னொரு கையால் திறந்தது என்பதை நான் படிப்பதற்கு முன்பே தெரிந்துகொண்டேன் என்று சொல்லலாம்.

*

ஜெல். பால் பிரெசியாடோ, ஸ்பெயினில் பிறந்து பாரிஸில் எழுதும் தத்துவவாதி. 2008ல் ஸ்பானிஷிலும் பிரெஞ்சிலும் வந்து, 2013ல் ஆங்கிலத்தில் ப்ரூஸ் பெண்டர்சன் மொழிபெயர்த்த ‘டெஸ்டோ ஜங்கி’. டெஸ்டோஜெல் என்கிற பாக்கெட் ஜெல்லை, 50 மில்லிகிராம் அளவில், எந்த டாக்டரிடமும் தன்னை நோயாளி என்று ஒப்புக்கொள்ளாமல், தானே பூசிக்கொண்டு எழுதிய புத்தகம். இறந்துபோன எழுத்தாள நண்பர் கியோம் டஸ்தானுக்கான இரங்கலாகத் தொடங்குகிறது. காமம், துக்கம், கருத்தடை மாத்திரையின் வரலாறு, மருந்து முதலாளித்துவம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக. அத்தியாயங்கள் மாறி மாறி வரும்: ஒன்று உடம்பு, அடுத்தது கோட்பாடு.

சந்தேகமே வேண்டாம், இலக்கியமாக இந்த மூன்றில் மிகச் சக்தியானது இதுதான். கருத்தடை மாத்திரை பற்றிய பகுதிகளைப் படித்த பிறகு மருந்துக்கடை அலமாரி பழையபடி தெரியாது. லட்சக்கணக்கான பெண்கள் தினமும் ஹார்மோன் விழுங்குவது சாதாரணம், ஒருத்தர் டெஸ்டோஸ்டிரோன் பூசுவது மட்டும் விபரீதமா என்று கேட்கிறார். பதில் சொல்ல முடியவில்லை. நடையும் ஜெல்லின் நடைதான். தினமும், தனியாக, கண்ணாடி முன்னால். யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மேலே பூசியது உள்ளே இறங்குவது மாதிரி கோட்பாடு வாக்கியத்துக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் இரண்டு இடத்தில் இந்தப் புத்தகத்தோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

ஒன்று, டாக்டரின் சீட்டை மறுப்பது அங்கே அரசியல். இங்கே அந்தச் சீட்டு என் கையில் இருக்கும் ஒரே காகிதம். நாளைக்கு யாராவது என் பையைத் திறந்து இதென்ன என்று கேட்டால் காட்டுவதற்கு அது ஒன்றுதான். நோயாளி என்கிற பெயர் எனக்கும் பிடிக்காது. ஆனாலும் அந்தப் பெயருக்கு அடியில் நின்றுகொண்டுதான் மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன். விலையும் இருக்கிறது. எனக்கு ஊசியைவிட ஜெல் மாதாமாதம் கூடுதலாக வரும்.

இரண்டாவது இன்னும் சின்ன விஷயம், எனக்கு இன்னும் பெரிய விஷயம். ஜெல் பாக்கெட்டின் உள்ளே இருக்கும் தாளில் ஓர் எச்சரிக்கை உண்டு. பூசிய இடம் அடுத்தவர் தோலில் பட்டால் மருந்து அவர்களுக்கும் போகும். கையைக் கழுவு, காயவிடு, சட்டையால் மூடு, பெண்களும் குழந்தைகளும் அந்த இடத்தைத் தொடாமல் பார்த்துக்கொள். பினாங்கு புழுக்கத்தில் வீட்டுக்குள் முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பதை விடுங்கள். எங்கள் ஃப்ளாட்டில் அக்கா குடும்பமும் இருக்கிறது. அக்கா பிள்ளைக்கு இரண்டரை வயது. சாயங்காலம் நான் ஷிஃப்ட் முடிந்து வந்தால் என் தோளில் முகத்தைப் புதைத்துத்தான் தூங்குவாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் என்னை ‘மாமா’ என்கிறாள். அக்கா ஒரு நாள் யாரையும் கேட்காமல், எதையும் விளக்காமல் அப்படிச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். அதுவரை ‘சித்தி’. கோர்ட்டும் பதிவு அலுவலகமும் தராத ஒன்றை ஒரு பிள்ளை வாயால் வாங்கிக் கொடுத்தாள். ஆக, கேள்வி இப்படி வந்து நின்றது: என்னை மாமா ஆக்கும் மருந்தைத் தோளில் பூசிக்கொண்டு, மாமா என்று ஓடிவரும் பிள்ளையைத் தள்ளி நிற்கச் சொல்லவா? சட்டை போட்டு மூடினால் போதும், வேறு இடத்தில் பூசலாம், நேரத்தை மாற்றலாம் என்று டாக்டர் சொல்வார். சரிதான். வழி இருக்கிறது. ஆனால் தினமும் ஒரு தடவை அந்தப் பயத்தோடு அவளைத் தூக்க வேண்டும்.

டெஸ்டோ ஜங்கியில் நான் தேடியது அந்தப் பக்கத்தை. காதலியின் உடம்பு பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. தோளில் தூங்கும் பிள்ளை எனக்குக் கிடைக்கவில்லை. தனி மனிதன், தனி அறை, தனி உடம்பு. நம் வீடுகளில் அப்படி ஒரு அறை யாருக்கு இருக்கிறது?

*

சரி, தமிழுக்கு வருவோம்.

தமிழில் திருநர் எழுத்து இல்லாமல் இல்லை. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ 2007ல் வந்தது. ஆ. ரேவதி தொகுத்த ‘உணர்வும் உருவமும்’, பிறகு அவருடைய தன்வரலாறு ‘வெள்ளை மொழி’. கல்கி சுப்ரமணியத்தின் கவிதைத் தொகுப்புக்குத் தலைப்பே ‘குறி அறுத்தேன்’. எல்லாமே திருநங்கைகளின் எழுத்து. பெரிய எழுத்து. ஆனால் இவற்றின் நடுவில் நிற்பது கத்தி. ஒரு நாள், ஒரு அறுப்பு, அதற்கு முன் ஒரு வாழ்க்கை, பின் ஒரு வாழ்க்கை. அந்த ஒரு நாளைத் தாண்டி வந்தவரின் குரலுக்கு இருக்கும் அதிகாரம் வேறு. வாசகரும் அந்த அத்தியாயத்துக்காகக் காத்திருக்கப் பழகிவிட்டார்.

திருநம்பியின் மாற்றத்துக்கு அப்படி ஒரு நாள் பெரும்பாலும் கிடையாது. மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, ஆயுசு முழுக்க. மீசை முளைப்பதற்குள் ஒரு தீபாவளி போய் இன்னொரு தீபாவளி வந்துவிடும். இதை எந்த அத்தியாயத்தில் வைப்பது? திருப்புமுனை இல்லாத கதையை எப்படிச் சொல்வது? தமிழில் திருநம்பியின் தன்வரலாறு ஒன்று என் கைக்கு இதுவரை வராததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ரேவதி இந்தக் குறையைக் கண்டுகொண்டவர். 2016ல் நந்தினி முரளியோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த ஆங்கில நூலின் இரண்டாம் பகுதியைத் தென்னிந்தியத் திருநம்பிகளின் வாழ்க்கைக் கதைகளுக்கே கொடுத்திருக்கிறார். திருநங்கைகளுக்கு இருக்கும் ஜமாத் போல ஓர் அடைக்கலம் திருநம்பிகளுக்கு இல்லை என்பது அதில் முக்கியமான கவனிப்பு. பெண்ணாக வளர்க்கப்பட்டவர் வீட்டை விட்டு ஓடுவதே பெரும்பாடு. என் வாசிப்பில் அந்தப் பகுதியின் கனமான சொல் ‘வீடு’. ஆனால் நம் மொழிகளில் சொல்லப்பட்ட அந்தக் கதைகள் ஆங்கிலத்தில்தான் எனக்குக் கிடைத்தன.

பழைய கதை ஒன்று இருக்கிறது. சிகண்டி. நம்மூரில் அது வசைச்சொல்லாகிவிட்டதால் கதையை யாரும் முழுசாகப் படிப்பதில்லை. உத்தியோக பர்வத்தில் வருகிறது. பெண்ணாகப் பிறந்து ஆணாக வளர்க்கப்பட்ட சிகண்டிக்குத் தசார்ண நாட்டு மன்னன் மகளோடு கல்யாணம் ஆகிறது. விஷயம் தெரிந்து மாமனார் படையோடு வருகிறார். சாகப்போன சிகண்டிக்குக் காட்டில் ஸ்தூணன் என்கிற யட்சன் தன் ஆண்மையைக் கொடுக்கிறான். தானமாக இல்லை, கடனாக. குறிப்பிட்ட காலம் கழித்துத் திருப்பித் தர வேண்டும். மாமனார் சும்மா நம்பவில்லை, பெண்களை அனுப்பிச் சோதித்துப் பார்த்த பிறகுதான் சமாதானம். அதற்கப்புறம் நடப்பதுதான் எனக்குப் பிடித்த இடம். சிகண்டி சொன்ன சொல் தவறாமல் கடனைத் திருப்பிக் கொடுக்கக் காட்டுக்குப் போகிறான். அதற்குள் குபேரனின் சாபத்தால் யட்சன் பெண்ணாகவே இருக்க வேண்டியதாகிவிட்டது, சிகண்டி சாகும்வரை. “வைத்துக்கொள், போ” என்கிறான் யட்சன்.

கடன் வாங்கிய உடம்பு, தவணை, சோதிக்க வரும் அதிகாரிகள், திருப்பிக் கொடுக்கப் போகும் நேர்மை. ஒவ்வொரு மூன்றாவது வாரமும் கிளினிக் படி ஏறும்போது இந்தக் கதை ஞாபகம் வரும். என் யட்சனுக்குத் தவணை கட்டுகிறேன். வித்தியாசம், சிகண்டியின் மாற்றமும் ஒரே கணத்தில் நடந்துவிடுகிறது. காவியத்துக்கும் மூன்றாவது வாரத்தின் எரிச்சலைச் சொல்லத் தெரியவில்லை.

மொழி தடையாக இருக்கிறதா என்றால், இல்லை. தமிழின் தன்மை இடத்துக்குப் பால் கிடையாது. வந்தேன், போனேன், அழுதேன். பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் ‘நான் களைப்பாக இருக்கிறேன்’ என்று சொல்லவே ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்க வேண்டும். தமிழில் ஒரு முழுத் தன்வரலாற்றையும் காட்டிக்கொடுக்காமல் எழுதிவிடலாம். டிலனுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் படர்க்கைக்கு ஓடியிருக்க வேண்டியதே இல்லை. மாட்டிக்கொள்வது யாராவது கூப்பிடும்போதுதான்: டா, டி, தம்பி, தங்கச்சி, மாமா, சித்தி. அவன், அவள். நம் மொழியில் பால் என்பது நாம் சொல்லிக்கொள்வதில் இல்லை, அடுத்தவர் நம்மைக் கூப்பிடுவதில் இருக்கிறது. தமிழில் எழுதப்படும் திருநம்பியின் புத்தகம் கண்ணாடி முன்னால் நடக்க முடியாது என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். அது சமையலறையில், வாசலில், கல்யாண வீட்டில் நடக்கும்.

*

இங்கே, மலேசியாவில், அதை யார் எழுதுவார்? 2016ல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் ஒரு திருநம்பியின் ஐ.சி.யில் பெயரையும் பாலையும் மாற்றச் சொல்லித் தீர்ப்பளித்தது. 2017 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தச் சில மாதங்களில் நான் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி இலக்கம் மாறுமா என்று தினமும் ஃபோனில் தேடுவேன். 2018 ஆகஸ்டில் எங்கள் ஜார்ஜ்டவுன் விழாவில் தேசியக் கொடியோடு மலேசியர்கள் நிற்கும் ஒரு புகைப்படக் கண்காட்சி. அதிலிருந்து திருநங்கைச் செயற்பாட்டாளர் நிஷா அயூப், பாங் கீ தேக் இருவரின் படங்களும் அமைச்சர் சொன்னதன் பேரில் இறக்கப்பட்டன. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு இரண்டு புத்தகங்களைச் சேர்த்துத் தடை செய்தது. ஒன்று தன்பால் ஈர்ப்பு பற்றிய கிறிஸ்தவ நூல். இன்னொன்று ம. நவீனின் தமிழ் நாவல் ‘பேய்ச்சி’. காரணங்கள் வேறு வேறு, பட்டியல் ஒன்று. ஏன் புனைபெயர் என்ற கேள்விக்கு இதற்கு மேல் பதில் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஆனால் பயத்தை மட்டும் காரணம் சொல்லி முடிப்பதும் சரியில்லை. எழுதத் தெரியவில்லை என்பதும் உண்மை. தினமும் நடப்பதை எழுதும் பழக்கம் நமக்குக் குறைவு.

எங்கள் வீட்டிலேயே இன்னொரு ஊசி இருக்கிறது. அம்மாவின் இன்சுலின். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே இன்னும் கூடுதல். தமிழ் வீட்டில் அது ஒரு குடும்ப உறுப்பினர் மாதிரி. அம்மாவின் இன்சுலின் பேனாக்கள் ஃபிரிட்ஜில் ரசப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். திறந்தது ஒன்று சாமி அலமாரிக்குக் கீழே. மாமாக் கடையில் உட்கார்ந்துகொண்டு அத்தையும் அம்மாவும் யூனிட் கணக்கை ஒப்பிட்டுப் பேசுவார்கள். அதுவும் ஹார்மோன்தான். அதுவும் உடம்பு தானாகப் போதுமான அளவு கொடுக்காததை வெளியிலிருந்து வாங்குவதுதான், சாகும்வரை. அதற்கு வீட்டில் சொற்கள் இருக்கின்றன. பெருமூச்சு இருக்கிறது, ஜோக் இருக்கிறது. என் ஊசிக்கு அந்தச் சொற்களில் ஒன்றும் கிடைக்கவில்லை. அதைப் பற்றிய பேச்சே கிடையாது. இரண்டு வருடமாக அம்மா என்னை ‘டி’ போட்டுக் கூப்பிடுவதில்லை, ‘டா’வும் போடுவதில்லை. வெறுமனே “சாப்ட்டியா?” என்று நிறுத்திக்கொள்வார். எனக்குத் தெரிந்த மிகக் கவனமான தமிழ் அது.

நான் தேடும் புத்தகம் அந்த ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் தொடங்கும். டிலனின் மறைவும் சல்லிவனின் தேதிகளும் பிரெசியாடோவின் கோபமும் அதற்குக் கற்றுத்தரும். ஆனால் அந்த மூன்றிலும் இல்லாத அம்மா அதில் இருப்பார். அதை யாராவது எழுதுங்கள். ஒரு அத்தியாயத்தில் பெரிய சம்பவம் எதுவும் நடக்காவிட்டாலும் பரவாயில்லை, நான் வாசிக்கிறேன்.

டாக்டரிடம், இப்போதைக்கு ஊசியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பிள்ளை வளர்ந்து தோளில் தூங்குவதை நிறுத்தும்போது மறுபடி யோசிக்கலாம். போன வாரம் அம்மா இன்சுலின் போட்டுக்கொண்டே, வயிற்றைப் பார்த்தபடி, கேட்டார்:

“ஒனக்கு ஊசி எப்ப?”

“வர்ற வியாழக்கிழமைம்மா.”

“ம். மறந்துறாத.”